இறுகிப்போன பின்சக்கரம்

“அவ வெளியூர் வேலைக்கு எப்படிப் போறாள்னு பார்க்கறேன்” என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டு நீங்கள் குளிக்கப் போய்விட்டீர்கள். மீதிச் சண்டையை எழுதி வைக்கிறேன்.

நம் மகளின் சைக்கிள் பின்சக்கரம் சுற்றவே மாட்டேன் என்கிறது. சீல் போட்ட பேரிங்கை அதிகமாக இறுக்கினால் சக்கரம் பிடித்துக்கொள்ளும் என்று உங்கள் சைக்கிள் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவர் நீங்கள். இதில் கை தவறியதா, மனசா?

பேரிங் மூடியைத் தளர்த்துங்கள். சக்கரத்தின் ஆட்டம் நிற்கும்வரை விரலால் திருகினால் போதும். அவள் மாலை சைக்கிளோடு புறப்படுகிறாள். சோறு அடுப்புமேல். வீட்டுச் சாவி மீட்டர் பெட்டியில்.

சொல்ல மறந்தேன்: கீழ்வீட்டு டெய்லர் மகளும் அப்பாவோடு கத்திவிட்டுத்தான் கல்யாணமாகி வெளியூர் போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்வரை நடந்தவர் டெய்லர்தான். ஜன்னலில் நின்று பார்த்தேன். இப்போது லீவு விட்டால் வந்துவிடுகிறாள்.