இரவல் சூடு

இஞ்சேருங்கோ,

ஒஷாவாவில் வேலைக்காக நீங்கள் தங்கியிருக்கிற அறை சூடாக இருக்கும். இங்கே மகள் பள்ளிக்கூட ஜக்கெற்றோடு படுக்கிறாள்.

பில் கட்டாததால் வீட்டைச் சூடாக்குகிற காஸை நிறுத்திவிட்டார்கள். அந்தச் செலவுக்கு உதவுகிற இடத்திலிருந்து ஒரு பெண் போன கிழமை வந்தாள். வீடு குளிர்கிறதைக் காட்டத்தானே அவளைக் கூப்பிட்டோம்! நீங்கள் என்ன செய்தீர்கள்? பக்கத்து வீட்டு றெஜினா அன்ரியிடம் இரண்டு கரண்ட் ஹீற்றர் இரவல் வாங்கி வந்து ஹோலில் வைத்தீர்கள்.

"வீட்டுக்கு வாற ஆள் விறைக்கிறதே? எங்கட மானம் போயிடும்" என்றீர்கள். என்னைக் கலியாணத்துக்குப் போகிற மாதிரிச் சேலை உடுக்கவைத்தீர்கள். கட்லற் பொரிக்கவைத்தீர்கள்.

அவள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கட்லற்றைச் சாப்பிட்டு, வீடு நல்ல கதகதப்பு என்று புகழ்ந்துவிட்டுப் போனாள். அவள் கார் தெருமுனையில் திரும்ப முதல் ஹீற்றர்களை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்.

வீடு போதிய சூடாக இருக்கிறதாம், உதவி இல்லையாம். நேற்றுத்தான் பதில் வந்தது. போனில் சொன்னால், "உவையளுக்கு மனச்சாட்சியே இல்லை" என்கிறீர்கள். யாருக்கு இல்லை?

இன்று நானே அவளுக்குப் போன் எடுத்து, ஹீற்றர்கள் இரவல் என்று சொல்லிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தில் பிள்ளை விறைக்காது.

வெள்ளிக்கிழமை திரும்ப வருகிறாள். நீங்கள் லீவு போட்டுக்கொண்டு வரவேண்டாம். ஒரு தேத்தண்ணி கொடுப்பேன். கோட்டைக் கழற்ற மட்டும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா