சாளரத்துக்கு இறை நீக்கிய மைத்துனருக்கு

ஓங்குக நும் குடை! தேன்வரை நாடாளும் வேந்தர், நம் தேவியின் இளவல், கோ நல்லியன் திருமுன்பு, முகிற்குன்ற நாடாளும் சேந்தன் ஆதன் விடுக்கும் ஓலை. நும் களஞ்சியம் நிறைக. நும் ஊர்கள் பனிக்கு அஞ்சாது உறங்குக. உறக்கத்துக்கு நம் வாழ்த்துத் தேவையில்லை என்பதும் நம் செவிக்கு எட்டியுள்ளது.

பழஞ்சாளரத்தைக் கழற்றிவிட்டு, விளிம்பெல்லாம் கம்பளி செறித்த இரட்டைக் கதவுச் சாளரம் பொருத்தும் இல்லத்தார்க்கு, மனைக்குச் செலுத்தும் வரியாகிய இறையில் பாதியை நீர் நீக்கினீராம். மூன்று கட்டு விறகு எரிந்த வீட்டில் இன்று ஒரு கட்டே போதுமாம். இதை உப்பு வணிகர் நம் அவையில், நம் முகத்துக்கு நேரே, வாயாரப் புகழ்கின்றனர். கேட்டு நமக்கு வயிறு எரிந்தது. அவ்வெரிச்சலிலும் குளிர் தணியவில்லை.

ஆதலின் நும்மை விஞ்சத் துணிந்து, சாளரம் எத்துணை அகலமோ அத்துணை இறை நீக்கம் என முரசறைவித்தோம். நம் குடிகளோ சுவரை இடித்து, யானை நுழையும் அளவுக்குச் சாளரம் வைத்தனர். இப்போது வாடை அதன் வழியே வந்து அடுப்பை அணைக்கிறது. இறையும் போயிற்று, விறகும் போயிற்று. இதற்கும் நீரே காரணம் என்பது நம் துணிபு.

இவையெல்லாம் பொறுப்போம். பிறந்தகம் காண ஐப்பசியில் புறப்பட்ட தேவி அல்லியங்கோதை தை பிறந்தும் மீளாததை எங்ஙனம் பொறுப்போம்? அழைக்கச் சென்ற நம் தூதரிடம், தம்பி மனையில் போர்வையின்றி உறங்குவதாகவும், நம் பள்ளியறைச் சாளரம் மாறும் நாளில் திரும்புவதாகவும் மொழிந்தாராம். இதனைப் பொறாமை என்பீர். ஆம், பொறாமையே. நம்மினும் நும் சாளரம் அவருக்கு இனிதாயிற்று.

ஆகவே, தமக்கையின் கணவன் என்னும் உரிமையால் பணிக்கிறோம். ஓலை கண்டவுடன் நும் தச்சர் இருவரை அனுப்புக. பள்ளியறைச் சாளரத்தை நம் கையாலேயே அளந்து, அவ்வளவுக்கு நறுக்கிய நூலை இத்துடன் சுற்றியுள்ளோம். தச்சர் நும்மவர் என்பதைத் தேவி அறிய வேண்டா. நாமே செய்வித்தோம் என்றிருக்கட்டும்.

நம் நாட்டு முறைப்படி அரக்கில் அரசன் மோதிரமும் அரசி மோதிரமும் அருகருகே பதிய வேண்டும். இதில் ஒன்றே பதிந்துள்ளது. ஓலையை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டா. முத்திரையை மட்டும் காட்டுக.

இது நம் ஆணை.