மழைக்கு முன்னே போகிற வண்டி

இன்று மாலை வேலைக்கு நுழையும்போதே கிள்ளான் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சூடான தாரில் முதல் தூறல் விழுந்த வாசனை மூக்கில் ஏறியதும், என் வாய் உன்னைப் போலவே கத்தியது: "ஏய், பாலத்துக்கு வண்டி போயிருச்சா?"

அவசர அழைப்பு அறையில் நீ என் பக்கத்து நாற்காலிக்காரி. மழை வந்தால் போதும், மோட்டார் சைக்கிள் விபத்து என்று மணி அடித்தபடியே இருக்கும். நீதான் பழைய அழைப்புகளை மழை நேரங்களோடு பொருத்திப் பார்த்தாய். மழைக்குப் பாலத்தடியில் ஒதுங்கி நின்ற மோட்டார்காரர்கள்மேல் கார் மோதியவைதான் மோசமானவை. அதுவும் திரும்பத் திரும்ப அதே சில பாலங்கள். "ஒதுங்கி நின்னவன் சாகக் கூடாதுடி," என்றாய்.

மேலதிகாரி ஒப்பவில்லை. "போன் கால் வராமலே ஆம்புலன்ஸ அனுப்பச் சொல்றியா?"

"பசிச்ச பிறகா பாஸ் உலை வைப்பாங்க?"

உன் வாய்க்குப் பயந்தோ என்னவோ, ஒரு மழைக்காலம் மட்டும் செய்து பார்க்கச் சம்மதித்தார். வானம் இருட்டினால் பாலத்தருகே ஒரு வண்டி போய் நிற்கும். பல நாள் சும்மாவே திரும்பும். அறையில் சிரிப்பார்கள், நானும்தான். "சும்மா திரும்புற வண்டிதான்லா நல்ல வண்டி," என்பாய்.

அந்த மழைக்காலத்திலேயே ஒரு மாலை, அழைப்பை எடுத்த நீ அடிபட்டவர் பெயரைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாய். கிள்ளான் பக்கத்து மேருவில் வேலை முடிந்து மோட்டாரில் வரும் வழியில் பாலத்தடியில் ஒதுங்கியிருந்த என் வீட்டுக்காரர். ஒரு கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் கணினியில் விவரத்தைத் தட்டினாய். "வண்டி அங்கதான்டி நிக்குது. மூச்ச விடு." அழைத்தவர் பேசி முடிப்பதற்குள் அவர் போனிலேயே சைரன் கேட்டது. இன்னும் கொஞ்சம் ரத்தம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

அடிப் பாதகத்தி, ஊருக்கெல்லாம் முன்கூட்டியே வண்டி நிறுத்தியவள், உன் வயிற்று வலியை மட்டும் 'காஸ்ட்ரிக்லா' என்று கடைசிவரை தள்ளிப் போட்டாயே! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகும் மழைக்கு வண்டி போய் நிற்கிறது. இப்போது யாரும் சிரிப்பதில்லை.

இன்று மழை வலுத்தபோது வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது: "பாலத்தடியில ஒதுங்கியிருக்கேன். பயப்படாத, உன் கூட்டாளியோட வண்டி பக்கத்துலதான் நிக்குது."

மழை விட்டுவிட்டது. அவர் நொண்டிக்கொண்டே பிரிக்பீல்ட்ஸ் வீட்டுப் படி ஏறியிருப்பார். உன் வண்டி சும்மா திரும்பி வந்துகொண்டிருக்கிறது. நன்றிடி.