வால் விட்ட முடிச்சு

சகுந்தலைக்கு,

உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திவிட்டு, பத்து வருடமாக நீ கூப்பிட்ட அந்தப் போளூர்ப் பக்கத்து மலைக்குகைக்குப் போனேன். சிரிக்காதே. ஆட்டுத்தடங்கள் நாலாபக்கமும் பிரிகின்றன என்று, புதருக்குப் புதர் சிவப்புப் பட்டிழை கட்டிக்கொண்டே ஏறினேன். குகைக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. கல்லில் முதுகைச் சாய்த்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான்தான், நம்பு.

இறங்கும்போது ஒரு இழையும் கண்ணில் படவில்லை. தறிப் பாவில் அறுந்த இழையைப் பிணைப்பது போல, கைப்பழக்கத்தில் ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கி, வெளியே நீளும் நுனியை, அந்த வாலை, ஒட்ட நறுக்கியிருக்கிறேன். முட்புதரைத் தடவிக்கொண்டு நின்றவனைப் பார்த்து, ஆடு மேய்த்த அம்மா ஒருவர், "இன்னாங்க தேடிகினு கீறீங்க?" என்றார். சொன்னேன். "கண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னா இன்னாத்துக்குங்க கட்டுனீங்க?" என்று சிரித்துவிட்டு, அவரே அடிவாரம்வரை கொண்டுவந்து விட்டார்.

நீ முடிச்சில் வால் விடுகிறாய் என்றுதானே, நீ கிளம்பிப்போன அன்றைக்கு, தறிக்கூடத்தில் அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

நேற்று மறுபடி போய், அடிவாரத்து வேப்பமரத்திலிருந்து குகை வாசல்வரை கட்டிவிட்டு வந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு முழ வால் தொங்குகிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பேன். தயிர்சாதம் இரண்டு பேருக்குக் கட்டி வருகிறேன்.

வாலை நறுக்கியே பழகிய
உன் வீட்டுக்காரன்