பீரோவில் இருக்கும் சான்றிதழ்கள்

ஜூலை 9, புதன்

ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். தேயிலை விலை விழுந்து ஃபாக்டரி மூடியபோது, சோறும் தங்குமிடமும் இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக மகன் முரளியைக் கோயம்புத்தூர் கால்பந்து அகாடமியில் சேர்த்தேன். பையன் பாதியில் ஓடிவிடக் கூடாதென்று பள்ளி மாற்றுச் சான்றிதழை அசலாக வாங்கிப் பீரோவில் பூட்டினார்கள். எம்.ஏ. படித்த நான் ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை. உயரம் அளக்கச் சுவரில் போட்ட கோட்டை அவன் தலை எட்டவில்லை என்று அகாடமி மேனேஜர் வீட்டுக்கு அனுப்பினான். சான்றிதழைத் தரவில்லை. மகனை எந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை.

இன்று அரவேணு பள்ளித் தலைமையாசிரியர் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, டூப்ளிகேட் சான்றிதழ் வந்துருச்சுங்க. நாளைக்கே பையனை அனுப்புங்க. நாங்க உயரமெல்லாம் அளக்க மாட்டோமுங்க."

முரளி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. நெஞ்சு லேசாகிவிட்டது.

மேனேஜரை மன்னிக்க மாட்டேன். எந்த அகாடமியும் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாதென்று விளையாட்டுத் துறைக்குக் கடிதம் எழுதி முடித்தேன். எங்கள் எஸ்டேட் பையன்கள் இருவர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் சான்றிதழும் அதே பீரோவில். என் பெயர் தெரிந்தால் அவர்களைத்தான் வதைப்பான். அதனால் பெயரும் கையெழுத்தும் இல்லாமலே காலையில் தபாலில் போடுகிறேன்.