ஆறு மணித் தண்ணீர்

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

திருப்பதி ஆய்வகத்தில், நகரிப் பக்கம் எங்கள் ஊர் ஓடையையே எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். கீழ்ச்சரிவில் தைலமரம் வெட்டியபின் குடிதண்ணீர் என்ன ஆகிறது என்று பத்து வாரம் பார்க்க வேண்டும். கெடவில்லை என்று வந்தால் மேற்சரிவையும் வெட்டுவார்கள்.

நேற்றே ஊருக்குப் போய் இன்று முதல் பாட்டிலை நானே பிடித்தேன். டீ மாதிரிக் கலங்கல். உப்பளவு 240.

ஓடைத் தண்ணீர் வரும் ஊர்க் குழாயைத் திறப்பது காலை ஆறு மணிக்கு. திறப்பவர் நைனா, என் அப்பாதான். திருப்பதியிலிருந்து நான் போய்ச் சேர ஒன்பதாகும். "வாரா வாரம் இன்னாத்துக்குமா அலையற? நானே புட்ச்சி வெக்கறேன், வந்து எத்துக்கினு போ" என்றார். இருபத்திரண்டு வருஷமாக வால்வு திருப்பும் கை. சரி என்றேன். படிவத்தில் 'மாதிரி எடுத்தவர்' என்ற இடத்தில் என் பெயரையே எழுதிவிடலாம். அவர் பிடித்தால் என்ன, நான் பிடித்தால் என்ன?

19 ஆகஸ்ட்

உப்பளவு 46. போன வாரமும் அப்படித்தான். கலங்கல் துளியும் இல்லை. மழைத் தண்ணீர் கலந்ததால் என்று குறிப்பு எழுதினேன். ஆய்வக அதிகாரி சந்திரசேகர் சாருக்குத் திருப்தி.

2 செப்டம்பர்

44.

9 செப்டம்பர்

45. எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர் மஞ்சு போன் செய்தாள். காலனிப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு வயிற்றுப்போக்கு. "பக்கெட்ல புட்ச்சி வெச்சா அடியில சேறு நிக்குதுக்கா. நீ இன்னாத்த டெஸ்ட் பண்ணிக்கினு கீற?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்கிட்ட நம்பர் இருக்கு மஞ்சு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆனால் மழை பெய்தால் ஓடை கலங்கும். எப்படித் தெளிந்தது?

14 செப்டம்பர், ஞாயிறு

சொல்லாமல் ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு நீலக் கேன். கடையில் வாங்கும் தண்ணீர். உப்பளவு மீட்டர் பையிலேயே இருந்தது. விட்டுப் பார்த்தேன்.

45.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்குத் தண்ணி விடறவர் வீட்டில் கேன். என் பாட்டிலிலும் அதே கேன்.

நைனா மறைக்கவில்லை. "நம்பர் நல்லா வந்தா திலீபுக்கு வாச்சர் வேல தரேன்னாரு மரம் வெட்ற கான்ட்ராக்டரு."

"காலனிப் பசங்க நைனா?"

"காச்சிக் குடிக்கட்டும். உன் தம்பியப் பாக்கறதா, ஊரப் பாக்கறதா?"

திலீப் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவனுக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அந்த வீட்டில் நான் ஒருத்திதான் முட்டாள்.

15 செப்டம்பர்

பெத்த பொண்ணு தலையிலயே மொளகா அரைச்சிட்டியே நைனா. வேற ஆளே கெடைக்கலயா உனக்கு?

வேலைக்குப் போகவில்லை. ஐந்து படிவங்களிலும் என் பெயர். தண்ணீரில் பொய் அவருடையது. தாளில் பொய் என்னுடையது.

16 செப்டம்பர்

ஐந்து படிவங்களிலும் 'மாதிரி எடுத்தவர்: தேவயானி' என்பதை அடித்து, 'தணிகாசலம், என் தந்தை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேனைப் பற்றித் தனியாக ஒரு கடிதம். சார் இரண்டு முறை படித்தார். "உன் வேலையும் போகும், தெரியுமில்ல?"

தெரியும் சார் என்றேன்.

30 செப்டம்பர்

மேற்சரிவு வெட்டு நிறுத்தம். நைனாவிடம் வால்வு சாவியை வாங்கிவிட்டார்கள். திலீபுக்கு வேலை இல்லை. எனக்கும் இன்றோடு சரி.

12 அக்டோபர், ஞாயிறு

வீட்டுக்குப் போனேன். யாரும் வா என்று சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து நைனா குரல்: "கேன் தண்ணிதான். பயப்படாம குடிக்கச் சொல்லு."

சொம்பைத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

மஞ்சு வீட்டில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாள். டம்ளர் அடியில் கொஞ்சம் மண் நின்றிருந்தது. குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.