நானூற்றுப் பதினேழாம் வண்டி

உ

திலக் நகர், செம்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கோகிலவாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அவள் முழங்கால் மட்டும் இரண்டு மாடி ஏறி இறங்க முரண்டு பிடிக்கிறது. வினிபெக் பனியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறோம். போனில் பேசினால் போதாதா என்று கேட்பாய், போனில் பேசிக்கொண்டே இருந்தால் தமிழ் உன் காதோடு நின்றுவிடும், கண்ணுக்கு வராது, எழுத்துக்கூட்டியாவது படி. இந்தத் தாளின் மூலையில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை இருக்கும். அப்பா அழுக்குத் தாளில் எழுதிவிட்டார் என்று நினைக்காதே, அதற்கு ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நீங்கள் அங்கே பிக்கப் வாங்கியபோது, நம்ம கரீம் மாமா வண்டி என்ன வருஷம்ப்பா என்று கேட்டாயே, எனக்கும் தெரியவில்லை, ஆர்.சி. புத்தகத்தில் ஐம்பத்தாறு என்று இருக்கிறது என்று சொன்னேன். குர்லாவில் நம் லேத் பட்டறைக்கு அடுத்த ஷெட்டில் நிற்குமே அந்தப் பச்சை ஃபார்கோ லாரி, சின்ன வயதில் நீ ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துத் தெருவையே எழுப்புவாய், அதே வண்டிதான். இப்போது அந்த ஷெட்டை இடித்துப் புதுக் கட்டடம் கட்டப்போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும். வண்டியை வைக்க கரீம் பாட்சாவுக்கு இடம் ஏது, அவரே மகள் வீட்டு ஹாலில் படுக்கிறார். பூனாவில் பழைய வண்டிகளைச் சேர்த்துவைக்கும் ஒரு டிரஸ்ட் இருக்கிறது, வண்டி அடியிலிருந்து மேல்வரை ஒரே வண்டியாக இருந்தால் முழுசாக எடுத்து மண்டபத்தில் நிறுத்துவார்களாம், கேபின் வேறு சேஸிஸ் வேறு என்றால் இன்ஜினை மட்டும் கழற்றிக்கொண்டு போவார்களாம், மிச்சம் பழைய இரும்பு வாங்கும் பங்கார்காரனுக்குத்தான். போன ஞாயிற்றுக்கிழமை அந்த டிரஸ்டிலிருந்து நிகில் என்று ஒருவர் பார்க்க வந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். நாற்பது வருடம் லேத்தில் நின்றவன் நான், இரும்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் எனக்கு உண்டு, உனக்குத் தெரியும். அந்தத் திமிர் அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது வாணி. கையில் ஒரு டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பாரே அந்த மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடி, அவ்வளவுதான். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் கிரீஸைத் துடைத்தார், வார்ப்பிலேயே எழும்பி நின்ற தேதி தெரிந்தது, ஐம்பத்து மூன்று டிசம்பர். பின் ஆக்ஸிலில் ஒரு தேதி, வண்டியின் முன்கண்ணாடி மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு குறி, எல்லாம் அதை ஒட்டியே வந்தன. பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து இங்கேதான் பூட்டியிருக்கிறார்கள், வண்டி ஐம்பத்து நாலு, விற்காமல் நின்று ஐம்பத்தாறில் ரோட்டுக்கு வந்திருக்கிறது என்றார். கிதாப் ஜூட் போல்தி ஹை அங்கிள், லோஹா நஹி என்று வேறு சொன்னார். புத்தகம் பொய் சொல்லும், இரும்பு சொல்லாது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கார்புரேட்டர் மாறியிருக்கிறது, ஹெட்லைட் மாறியிருக்கிறது, இடது கதவு வேறு வண்டியுடையது, அதெல்லாம் பரவாயில்லை என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார். சேஸிஸில் கடைசி மூன்று எண் 417. பூட்டும்போது அந்த மூன்று எண்ணை மட்டும் கேபினிலும் அடித்திருப்பார்கள் என்று சீட்டைக் கழற்றிப் பின் தகட்டில் பெயின்டைச் சுரண்டினார். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் வெண்ணெய் நிறம், அதற்கும் அடியில் எண் வந்தது, நிகில் 2417 என்று படித்தார். அவர் முகம் வாடிவிட்டது. கேபின் வேறு வண்டியிலிருந்து வந்தது அங்கிள், ஸாரி என்றார். கரீம் மாமா பிறந்ததே அந்தக் கேபினில்தான், உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. அவர் அம்மாவைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு அவர் வாப்பா ஓட்டிப் போகையில், சயான் தாண்டுவதற்குள் சீட்டிலேயே பிறந்துவிட்டார். அப்பம் நான் பொறந்தது எந்த வண்டில அண்ணாச்சி என்று என்னைக் கேட்டார். அறுபது வயது மனிதர், குழந்தை மாதிரி கேட்டார். அடுத்த மூன்று நாளும் அவர் முன்னால் வைத்த டீ வைத்தபடி ஆறிக்கிடந்தது.

வியாழக்கிழமை காலையில் உனக்கு இந்தச் செய்தியை எழுதலாம் என்று தாளை எடுத்தேன். வழக்கம்போல மேலே பிள்ளையார் சுழி போட்டேன். போட்டதும் சிரிப்பு வந்தது. நீ காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் என் முதல் கடிதம் கிடைத்ததும் போன் போட்டு, அப்பா ரெண்டாம் பக்கம்தான் வந்திருக்கு, முதல் பக்கம் எங்கே என்று கேட்டாயே, பள்ளிக்கூடத்தில் இந்தியும் மராத்தியும் படித்த பிள்ளைக்கு உ என்றால் இரண்டாகத்தானே தெரியும், அந்த எழுத்தில் இரண்டும் இதே சுழிதான். சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு வரிகூட எழுதாத அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு, வீட்டுச் சட்டையோடு ஆட்டோ பிடித்துக் குர்லாவுக்கு ஓடினேன். அம்மா பின்னாலிருந்து கத்தினது இன்னும் காதில் இருக்கிறது.

தாளைத் தகட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், அப்போது பதிந்ததுதான் கரீம் மாமாவின் விரல். நாலும் ஒன்றும் ஏழும் அச்சு வைத்து அடித்தவை, ஒரே உயரம், ஒரே ஆழம். முன்னால் நின்ற அந்த ‘2’ மட்டும் அச்சு இல்லை. கூர் உளியால் கொத்திக் கொத்தி வளைத்தது, மற்றதை விட ஒரு விரல் மேலே நிற்கிறது, அதற்கு அடியில் சின்னதாக இரண்டு கோடு. நிகில் அதைக் கீறல் என்று நினைத்திருக்கிறார். நம் வீட்டு மளிகைச் சீட்டில்கூட நான் போடுகிற அதே உ, அதே இரண்டு கோடு. கரீம் மாமா அதைத் தடவிக்கொண்டே, எங்கம்மா பிஸ்மி சொல்லித்தான் ஏறியிருப்பா, உள்ள இந்தப் பிள்ளையாரு ஏற்கெனவே ஒக்காந்திருக்காரு, ரெண்டு பேரும் சேந்துல்லா என்னைய எறக்கியிருக்காவ என்று சொல்லி அழுதுவிட்டார்.

நேற்று நிகில் மறுபடி வந்தார். என் தாளைப் பார்த்ததும் நம்பிவிடவில்லை, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. லேப்டாப்பில் எதையோ தேடினார், அந்த லாட்டில் வந்த வண்டிகளின் எண் ஆயிரத்தையே தொடவில்லை, அதனால்தான் வேறு வருஷத்துக் கேபின் என்று நினைத்தேன் என்றார். பிறகு தானாகவே வலது கதவின் உள்பக்கத்தைச் சுரண்டினார். அங்கேயும் உ, அங்கேயும் இரண்டு கோடு, பிறகு 417. மாற்றிய இடது கதவில் ஒன்றுமே இல்லை. அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, இதை எழுதியது யார் அங்கிள் என்று கேட்டார். யாருக்குத் தெரியும்? உன் தாத்தாவாக இருக்குமோ என்று அம்மா கேட்டாள், அவர் பம்பாய்க்கு ரயில் ஏறினதே அறுபத்தெட்டில்தான். யாரோ ஒரு நம்மாள். அவருக்குக் கொடுத்த அச்சுப் பெட்டியில் எண்கள் மட்டும்தான் இருந்திருக்கும். ஃபோர்மன் பார்த்தால் திட்டுவான் என்று சீட்டுக்குப் பின்னாலும் கதவுக்குள்ளேயும் ஒளித்து, யாரோ ஓட்டப்போகிற வண்டிக்குச் சுழி போட்டுவிட்டுப் போயிருக்கிறார், தன் பேரைக்கூடப் போடவில்லை. நான் எத்தனை ஆயிரம் சாமான் கடைந்து அனுப்பியிருப்பேன், ஒன்றுக்காவது இப்படித் தோன்றியதா என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வண்டி முழுசாகப் பூனாவுக்குப் போகிறது. பெயின்ட் அடிக்கும்போது அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடுங்க என்று கரீம் மாமா கேட்டார், நிகில் சரி என்றார். பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு, டயரில் காற்றை வாராவாரம் பார், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். பதிலைத் தமிழில் எழுது, தப்பு வந்தாலும் பரவாயில்லை, மேலே உ போட மறந்துவிடாதே. முதல் பக்கம் எங்கே என்று நான் கேட்க மாட்டேன்.

உன் அப்பா
பூலோகம்